கைவேலைப் பொருட்கள்: செய்பவரிடமே கேட்டு வாங்குங்கள்

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ‘வீட்டிலேயே கையால் செய்தது’ என்று குரோஷே பொம்மை, டெரகோட்டா ஜிமிக்கி, ஹேர் கிளிப் விற்கும் பக்கங்கள் ஏராளம் (குரோஷே என்றால் கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் வேலை). உண்மையில் செய்பவர் யார், மொத்தமாக வாங்கி விற்பவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே படம் நாலைந்து கடைகளில் வந்தால் சந்தேகப்படலாம். ஆனால் அதை வைத்தே முடிவு கட்டிவிடாதீர்கள். நன்றாகச் செய்பவர்களின் படங்கள்தான் அதிகம் திருடப்படுகின்றன. எந்தப் பக்கத்தில் அந்தப் படம் முதலில் வந்தது என்று தேதியைப் பாருங்கள்.

அடுத்து, செய்பவருக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வி ஒன்றைக் கேளுங்கள். “இந்த ஜிமிக்கியை இன்னும் சின்னதாக, பச்சைக்குப் பதில் மஞ்சளில் செய்து தர முடியுமா? எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டால் போதும். செய்பவர் உடனே கணக்குச் சொல்வார்: மண் நிழலில் காய வேண்டும், பிறகு சூளை, பிறகு வண்ணம், ஆக இத்தனை நாள் என்று. மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும், அதனால் ஜோடியில் நூலளவு வித்தியாசம் வரலாம் என்றும் சொல்வார். வாங்கி விற்பவரிடமிருந்து ‘இருக்கிற ஸ்டாக்தான் மேடம்’ என்று பதில் வரும். வாங்கி விற்பது குற்றமில்லை. கைவேலை என்று பொய் சொல்லி அதற்கான விலையைக் கேட்பதுதான் தப்பு.

எம்பிராய்டரி என்றால் பின்பக்கப் படம் கேளுங்கள். மெஷின் வேலையில் முன்பக்கம் என்ன நிறமாக இருந்தாலும் பின்னால் பெரும்பாலும் ஒரே நிற பாபின் நூல் (மெஷினின் அடிநூல்) சீராக ஓடும். கைத்தையலில் அந்தந்த நூலே பின்னாலும் தெரியும், முடிச்சுகள் இருக்கும்.

கேள்வி: ஆன்லைன் வேண்டாம், நேரில் பார்த்து வாங்க வேண்டும். எங்கே போவது?

மாவட்டத் தலைநகரங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் பூமாலை வணிக வளாகங்கள் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் குழுக்களின் கண்காட்சி நடக்கும்போது போகலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காடு தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்தில் கைவினைஞர்களே கடை போடுகிறார்கள். நீலகிரியின் தோடர் பழங்குடியினர் செய்யும் பூவேலைப் பைகளுக்கும் பர்ஸுகளுக்கும் உதகை, கோத்தகிரி. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும், இழையை எண்ணிப் போடும் தையல். தடவினால் மேடு தட்டுப்பட வேண்டும், அச்சடித்த நகலில் தட்டுப்படாது.

தமிழக அரசின் பூம்புகார் கைவினைக் கடைகளில் பொருள் கிடைக்கும், செய்தவரைப் பார்க்க முடியாது. எந்த ஊர் வேலை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கண்காட்சிக்குக் கூட்டம் குறைந்த வார நாள் காலையில் போனால் செய்தவரிடமே நிதானமாகப் பேசலாம். அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த முறை நேரடியாக ஆர்டர் கொடுக்கலாம்.

கேள்வி: ஒரு வயதுக் குழந்தைக்கு மர பொம்மை வாங்கினோம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. போலியா? குழந்தை வாயில் வைக்கிறதே?

14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் மத்திய அரசின் கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தாமே செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. புவிசார் குறியீடு பெற்ற பொம்மையை அதற்கெனப் பதிவு பெற்றவர் செய்து விற்றாலும் விலக்குதான். கர்நாடகத்தின் சென்னபட்டணம் ஊர் மர பொம்மை அப்படிக் குறியீடு பெற்றது. ஆகவே முத்திரை இல்லை என்பதாலேயே போலி என்று சொல்ல முடியாது. விற்பவரிடம் கைவினைஞர் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் விலக்கு பெற்ற பொம்மை சோதனைக்கூடம் போய் வந்தது என்று அர்த்தமில்லை. அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

அளவு முக்கியம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தொண்டையில் சிக்கக்கூடியது எது என்று பார்க்கும் சோதனைக் குழாயின் உள்விட்டம் 31.7 மி.மீ. அதை வீட்டிலேயே செய்யலாம். கெட்டி அட்டையை 5.5 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, உள்சுற்றளவு சரியாக 10 செ.மீ. வருமாறு சுருட்டி ஒட்டுங்கள். விட்டம் ஏறக்குறைய அதே அளவு வந்துவிடும். ஏதாவது ஒரு பக்கமாகப் போடும்போது முழுதாக உள்ளே போய்விடும் பொருள், கழன்று வரும் மணி, சக்கரம் எதுவும் சின்னக் குழந்தையிடம் போகக் கூடாது. மரச்சொப்பு செட்டில் வரும் குட்டிக் கரண்டியும் மூடியும் இதில் அடங்கும். குரோஷே பொம்மையில் பிளாஸ்டிக் கண் வேண்டாம், நூலால் தைத்த கண் கேளுங்கள். பின்னல் தளர்ந்தால் ‘சேஃப்டி’ கண்ணும் ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும்.

வண்ணத்துக்கு ஈர வெள்ளைத் துணியால் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். நிறம் ஏறினால் திருப்பிக் கொடுங்கள். சென்னபட்டணத்திலும் அம்பாசமுத்திரத்திலும் கடைசல் பிடித்த மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசலின் சூட்டில் அரக்கு உருகிப் படியும். அது அரக்குதானா என்று பார்க்க, அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் கலந்த சானிடைசர் ஒரு சொட்டு விடுங்கள். சற்று நேரத்தில் பிசுபிசுத்தால் அரக்கு, எனாமல் பெயின்ட் அப்படி ஆகாது. இதே காரணத்தால்தான் அரக்கு பொம்மையை சானிடைசர் போட்டுத் துடைக்கவோ, கொதிநீரில் போடவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கேள்வி: என் அளவு 2.4 என்று சில்க் த்ரெட் வளையல் ஆர்டர் செய்தேன். கை நுழையவே இல்லை. அவர் சரியான அளவுதான் என்கிறார்.

இரண்டு பேரும் சொல்வது சரியாக இருக்கலாம். வளையல் கணக்கில் 2.4 என்பது தசமம் இல்லை, இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும். அதாவது 57.2 மி.மீ. உள்விட்டம். டேப்பில் 2.4 அங்குலம் என்று அளந்தால் 61 மி.மீ. வரும், கடைக் கணக்கில் அது 2.6-க்குச் சற்று மேல்.

2.2 என்றால் 54 மி.மீ., 2.6 என்றால் 60.3, 2.8 என்றால் 63.5. ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் 3.2 மி.மீ.தான் இடைவெளி. நூல் சுற்றும்போது உள்பக்கமும் தடிமன் ஏறுகிறது. இருபுறமும் முக்கால் மி.மீ. ஏறினாலே பாதி அளவு போய்விடும். கண்ணாடி வளையல் அளவை வைத்து ஆர்டர் கொடுக்காதீர்கள். சிரமமில்லாமல் நுழையும் கெட்டி வளையல் ஒன்றின் உள்விட்டத்தை மி.மீ.-ல் அளந்து, ‘சுற்றி முடித்த பிறகு இந்த அளவு வேண்டும்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: முன்பணம் கட்டிய பிறகு வேறு பொருள் வந்தால்?

உங்களுக்காகவே செய்வதற்குப் பாதி முன்பணம் கேட்பது நியாயம்தான், நூலும் மணியும் அவர் கைக்காசில் வாங்க வேண்டியிருக்கிறது. யுபிஐ-யில் வரும் பெயரும் பக்கத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பணம் திரும்பி வர நீங்கள் க்யூஆர் ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. அப்படிக் கேட்டால் மோசடி.

பில் கேட்டு வாங்குங்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு பக்கமே காணாமல் போனால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதித்தால் பணம் அடுத்த கணக்குக்குப் போய்விடும்.