பிசியா, பிஎஸ்5ஆ? கேட்டவர்களுக்குப் பதில்

சேர்ந்து கிடந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். பிசி அசெம்பிள் செய்து கொடுப்பது என் பிழைப்பு. அதனால் பிசி பக்கம்தான் சாய்வேன் என்று நினைக்க வேண்டாம், என் வீட்டு டிவிக்குக் கீழே இருப்பது பிஎஸ்5, அதாவது டிவியில் மாட்டி ஆடும் சோனியின் கேம் மெஷின் (கன்சோல்).

சேலம்: மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். "கேமிங் பிசி வாங்கினால் படிக்கவும் ஆகும்" என்கிறான். கையில் 60 ஆயிரம் இருக்கிறது. பிஎஸ்5 அளவுக்கு அதில் கேம் ஓடுமா, சார்?

மகன் சொல்வது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. பிஎஸ்5க்கு ஈடாக ஓட வேண்டுமென்றால் ஆர்டிஎக்ஸ் 4060, 5060 மாதிரி ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அதற்கே 25 ஆயிரத்துக்கு மேல் போய்விடும். ஆறு கோர் பிராசசர், போர்டு, 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி, உருப்படியான எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கேபினெட் எல்லாம் சேர்த்தால் உங்கள் 60 ஆயிரம் அங்கேயே தீர்ந்துவிடும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் இன்னும் வாங்கவில்லை. போதாக்குறைக்கு 2025 கடைசியில் ராம் விலை வேறு தாறுமாறாக ஏறியது. மெமரி சிப் எல்லாம் ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போனால் நமக்கு என்ன மிஞ்சும்?

பிஎஸ்5 ஸ்லிம் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போடும் மாடல் 54,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 44,990. டிவி உங்கள் வீட்டிலேயே இருக்கும். ஆக, வாங்கும் அன்று கன்சோல்தான் மலிவு.

ஆனால் சோனி தர்மத்துக்கு விற்கவில்லை. மெஷினில் விட்டதை ஸ்டோரில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் 30 சதவீதம், ஆன்லைனில் சேர்ந்து ஆடச் சந்தா என்று பின்னால் எடுத்துக்கொள்கிறது. புதுசாக வரும் பெரிய கேம் ஒன்று 4,000, 5,000 ரூபாய். வருஷத்துக்கு நான்கு கேம் வாங்குகிற பையன் என்றால் மூன்று வருஷத்தில் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். பிசியில் ஆன்லைன் ஆடச் சந்தா கிடையாது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடி வரும்போது பழைய நல்ல கேம்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எபிக் ஸ்டோர் என்ற இன்னொரு கடையில் வாராவாரம் ஏதாவது ஒன்றைச் சும்மாவே கொடுக்கிறார்கள்.

மகன் எதில் சேரப்போகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. இன்ஜினியரிங், டிசைன், எடிட்டிங் என்றால் கம்ப்யூட்டர் எப்படியும் வாங்கத்தான் வேண்டும், பிசிக்கே போங்கள். இப்போதைக்குக் கொஞ்சம் சின்ன கார்டாகப் போட்டு 1080பியில் (ஃபுல் எச்டி) ஆடட்டும், கார்டைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பி.காம் என்றால் சாதாரண லேப்டாப் போதும். விளையாட்டுக்கு என்ன செய்வது என்பதை அப்புறம் தனியாகப் பேசுங்கள். "படிக்கவும் ஆகும்" என்ற ஒரு வார்த்தைக்காக 80 ஆயிரம் வரை போகாதீர்கள்.

மதுரை: வாலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக்தான் ஆடுவேன். எது வாங்கட்டும், அண்ணா?

பிசி. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, தம்பி. கவுண்டர் ஸ்டிரைக் 2 கன்சோலுக்கே வரவில்லை. வாலரண்ட் 2024இல் கன்சோலுக்கு வந்தது, ஆனால் பிசியில் ஆடும் நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியாது. பெரிய கார்டும் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 144 தடவை படம் மாறுவது, வாங்கு. விண்டோஸ் 11 என்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாலரண்ட் திறக்காது.

திருநெல்வேலி: ஜிடிஏ 6க்காகத்தான் வாங்குகிறேன்.

அப்படியானால் கன்சோல். ஜிடிஏ செய்யும் ராக்ஸ்டார் கம்பெனி அறிவித்திருப்பது பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான். முதலில் கன்சோல், பிறகுதான் பிசி என்பது அவர்கள் பழக்கம். ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பரில் வந்தது, பிசிக்கு வந்தது 2015 ஏப்ரலில். அவர்களுடைய ரெட் டெட் 2 கேமுக்கும் பிசிக்காரர்கள் ஒரு வருஷம் காத்திருந்தார்கள். ஆனால் கேம் வரும் வாரத்தில் மெஷின் வாங்கினால் போதும், இன்றைக்கே வாங்கித் தூசி படிய விடாதீர்கள்.

கோவை: பிசி அசெம்பிள் செய்து வாங்கினேன். 4060 கார்டு போட்டும் கேம் திக்கித் திணறுகிறது. கார்டு டூப்ளிகேட்டா?

அநேகமாக இல்லை. கேபினெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். மேலே யுஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், அது போர்டுடையது. கீழே படுக்கைவாட்டில் மூன்று நான்கு ஓட்டைகள் வரிசையாக இருக்கும், அது கார்டு. மானிட்டர் கேபிள் மேலே சொருகியிருந்தால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். என்னிடம் "கார்டு போச்சு" என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு நான் செய்யும் ரிப்பேர் அந்தக் கேபிளைப் பிடுங்கிக் கீழே சொருகுவதுதான்.

சரியாகத்தான் சொருகியிருக்கிறது என்றால் ராமைப் பாருங்கள். 16 ஜிபி ஒரே குச்சியாகப் போட்டிருப்பார்கள். 8, 8 என்று இரண்டாகப் போட்டால் வேகம் கூடும். பயாஸில் (பிசி ஆன் ஆகும்போது திறக்கும் போர்டு செட்டிங்) எக்ஸ்எம்பி என்ற ராம் வேக செட்டிங்கை ஆன் செய்யாமல் விட்டிருந்தாலும் ராம் தன் முழு வேகத்தில் ஓடாது. கடைசியாக விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் மானிட்டர் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

கன்சோலில் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. இதையெல்லாம் நோண்டுவது உங்களுக்குச் சுகமா, எரிச்சலா என்பதை வைத்தே பாதி முடிவை எடுத்துவிடலாம்.

சென்னை: கரண்ட் பில் எதற்கு அதிகம்?

எதிர்பார்க்கிற அளவு வித்தியாசம் வராது. பிஎஸ்5 ஆடும்போது சுமார் 200 வாட், 43 இஞ்ச் டிவிக்கு ஒரு 80, 100 வாட். 4060 போட்ட பிசி மானிட்டரோடு சேர்த்து ஏறக்குறைய அதே அளவுதான். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லில் எதுவானாலும் 50 யூனிட்டை ஒட்டி வரும். 300 வாட் குடிக்கிற பெரிய கார்டு போட்டால் கணக்கே வேறு.

பார்க்க வேண்டியது 500 யூனிட் எல்லை. அதைத் தாண்டிவிட்டால் கீழ்ப் படிகளுக்குக் கிடைத்த சலுகையில் ஒரு பகுதியும் கைவிட்டுப் போகும். 470இல் நிற்கும் வீட்டுக்கு அந்த 50 யூனிட் உறைக்கும். ஆடுகிறவன் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பழியை ஏசி மேல் போடுங்கள்.

வேலூர்: பிஎஸ்5ஐ டிவி ஷோகேஸுக்குள் வைக்கலாமா?

கதவு உள்ள ஷோகேஸ் என்றால் கூடாது. 5 முதல் 35 டிகிரி வரை என்று சோனியே போட்டிருக்கிறது. மே மாதத்தில் உங்கள் ஊர் அறையே 35க்கு மேல்தான் இருக்கும். திறந்த பலகையில், சுற்றிலும் காற்றுப் போக இடம் விட்டு வையுங்கள்.

காரைக்குடி: துபாயில் இருக்கும் மாமா ஊருக்கு வரும்போது பிஎஸ்5 வாங்கி வருகிறேன் என்கிறார்.

ஓடும். டிஸ்க்கும் எந்த ஊருடையதாக இருந்தாலும் ஓடும். ஆனால் அந்த கேமுக்குக் கூடுதல் பாகம் ஏதாவது ஆன்லைனில் காசு கொடுத்து வாங்கினால், டிஸ்க் எந்த ரீஜனோ அதே ரீஜன் அக்கவுண்ட் வேண்டும். இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வாரண்டி இங்கே செல்லுபடியாகும் என்று நம்பி வாங்காதீர்கள். மாமாவிடம் டிஸ்க் மாடலாகவே கேளுங்கள். ஆடி முடித்த டிஸ்க்கை விற்கலாம், நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம். டவுன்லோடு செய்ததை விற்க முடியாது.

திருச்சி: செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

பில்லும் வாரண்டியும் மீதம் இருந்தால் வாங்கலாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ காசைக் கார்டு ஓட்டிச் சம்பாதிக்கும் மைனிங் நின்றபோது இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. விற்கிறவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நாகர்கோவில்: ஹாஸ்டலில் இருக்கிறேன். பிசியும் டிவியும் வைக்க இடமில்லை.

லேப்டாப்தான். 4060 என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்காதே. அதே 4060, லேப்டாப்பில் 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும். இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மாடல் விவரத்தில் டிஜிபி (கார்டுக்குக் கிடைக்கும் மின்சார அளவு) என்று போட்டிருக்கும் வாட்டைப் பார். விசிறிச் சத்தத்துக்கு ரூம்மேட் சம்மதிக்க வேண்டும், அது என் கையில் இல்லை.

ஈரோடு: என்னிடம் பிசி இருக்கிறது. பிஎஸ்5 கன்ட்ரோலரை மட்டும் வாங்கி அதில் ஆடலாமா?

தாராளமாக. ஸ்டீம் அதை அடையாளம் கண்டுகொள்ளும். ப்ளூடூத்திலும் சேரும், ஆனால் ட்ரிக்கர் பட்டன் இறுகுவதும் உள்ளங்கையில் வரும் அதிர்வும் பெரும்பாலான கேம்களில் கேபிள் போட்டால்தான் வேலை செய்யும். நீளமான டைப் சி கேபிள் ஒன்று சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.