லிபென்ஸ்கி மட்டும் வார்த்த தலை எது?

வணக்கம் ஐயா,

நான் வியன்னாவில் இருக்கிறேன். சனிக்கிழமை நாஷ்மார்க்ட் பழம்பொருள் சந்தையில் ஒரு பச்சைக் கண்ணாடிச் சிற்பம் வாங்கினேன். மனிதத் தலை மாதிரி இருக்கிறது. 17 செ.மீ. உயரம், இரண்டரை கிலோவுக்கு மேல் எடை. அடியில் ‘லிபென்ஸ்கி’ என்று கீறியிருக்கிறது. 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக் காலத்துச் சரக்கு என்றார் விற்றவர். பின்பக்கம் ‘பொஹீமியா கிளாஸ்’ என்று அழுக்கேறிய வெள்ளித்தாள் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டேன். உரிப்பதற்கு முன்பும் பின்பும் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். இது அசல்தானா? விற்றால் என்ன கிடைக்கும்? அடியில் உள்ள வெள்ளைப் படலத்துக்கு வினிகர் போடலாமா? செக் கண்ணாடி சேகரிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

க., வியன்னா

அன்புள்ள க.,

ஆசைப்பட்டதற்கு வாழ்த்து. ஸ்டிக்கரை உரித்ததற்குத் திட்டு. இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துச் செக்கோஸ்லோவாக்கியத் தொழிற்சாலைக் கண்ணாடியில் பெரும்பாலும் கையொப்பமோ முத்திரையோ கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆலைகள் அரசுடைமை ஆயின. வெளிநாட்டு விற்பனை ஸ்க்லோஎக்ஸ்போர்ட் என்ற அரசு நிறுவனத்தின் கைக்குப் போனது. பொருளோடு ஊர்விட்டு ஊர் வந்த ஒரே அடையாளம் அந்த ஒட்டுத்தாள்தான். உங்கள் விஷயத்தில் அது இன்னும் முக்கியம். ‘பொஹீமியா கிளாஸ்’ என்பது ஏற்றுமதிச் சரக்கின் தாள். பட்டறையில் ஒன்றிரண்டாக வார்த்த சிற்பத்தின் முதுகில் அதற்கு என்ன வேலை? விற்றவர் சொன்ன கதைக்கு எதிரான நல்ல சாட்சியை நீங்களே கழுவி ஊற்றிவிட்டீர்கள். தாள் மட்டுமே தீர்ப்பு ஆகிவிடாது, ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டுகிறவர்களும் உண்டு. ஆனாலும் இருக்கிற சாட்சியைக் கலைக்கக் கூடாது. அழுக்கென்றால் பஞ்சு சுற்றிய குச்சியை ஈரமாக்கித் தாளைச் சுற்றித் துடைத்தால் போதும்.

அதோடு வெந்நீர் வேறு. இவ்வளவு கனமான கண்ணாடியில் சூடு உள்ளே போக நேரமாகும். வெந்நீரிலிருந்து எடுத்த கையோடு குளிர்ந்த குழாய்த்தண்ணீரில் காட்டியிருந்தால், மேற்பரப்பு சுருங்க, உள்பக்கம் சூட்டில் விரிந்தபடி நிற்க, நடுவில் பிளந்திருக்கும். பிழைத்தது உங்கள் நல்ல காலம்.

கடிதத்தில் என்னை உறுத்தியது ஸ்டிக்கரைவிட அந்த ஒற்றைப் பெயர். ‘லிபென்ஸ்கி சிற்பம்’ என்று விற்பவர்கள் சொல்கிறார்கள், வாங்குபவர்கள் அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். இதைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டே இருந்தேன்; உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

செக் கண்ணாடிக் கலைஞர் ஸ்தானிஸ்லாவ் லிபென்ஸ்கி (1921–2002) ஓவியக்கை உள்ளவர். 1940களிலும் 50களிலும் அவர் தனியாகச் செய்தவை பெரும்பாலும் எனாமல் தீட்டிய, அரித்து உருவம் எடுத்த மெல்லிய கலங்கள். அவற்றின் அடியில் அவர் பெயர் மட்டும் இருந்தால் நியாயம். வார்த்த கண்ணாடிச் சிற்பத்தின் கதை வேறு. யாரோஸ்லாவா பிரிக்தோவா (1924–2020) சிற்பம் படித்தவர். கண்ணாடிப் பொம்மைகளால் பெயர்பெற்ற யாரோஸ்லாவ் பிரிக்தாவின் மகள். ஷெலெஸ்னி பிரோட் ஊரின் ஆலையில் கட்டடங்களுக்கான கண்ணாடிப் பிரிவை நடத்தியவர். லிபென்ஸ்கி 1954இல் அந்த ஊர்க் கண்ணாடிப் பள்ளிக்குத் தலைவராக வருவதற்கு முன்பே அச்சில் உருக்கும் சோதனைகளில் இறங்கியிருந்தவர். லிபென்ஸ்கி வரைந்த ஒரு தலையின் படத்தைப் பார்த்து, இதைக் கண்ணாடியில் கொண்டுவரலாம் என்று எடுத்துக்கொண்டவரும் இவர்தான். திருமணம் 1963இல். அதே ஆண்டு லிபென்ஸ்கி பேராசிரியராகப் பிராகாவுக்குப் போனார். கரிக்கோட்டுப் படம் அவருடையது. அதைக் களிமண்ணில் பருமனாக்கியது, எந்த இடம் எவ்வளவு தடிமன் என்று தீர்மானித்தது, சூளைக்கு ஏற்றியது பிரிக்தோவா. ஓர் அங்குலம் கூடினால் நிறம் இருண்டுவிடும், குறைந்தால் வெளிறிவிடும். அந்தத் தீர்மானத்தில்தான் சிற்பமே இருக்கிறது. அதைச் செய்தவரை ‘உதவிய மனைவி’ ஆக்கும் விற்பனைக் குறிப்புகளைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. உங்களுக்கும் வரட்டும், சேகரிப்பாளருக்கு அது பயன்படும். இருவரும் சேர்ந்து செய்தவை இருவர் பெயரிலேயே நிற்கின்றன. வார்த்த கட்டியின் அடியில் ஒற்றைப் பெயரைக் கண்டால் முதலில் பர்ஸை மூடுங்கள்.

வேலை நடக்கும் விதம் தெரிந்தால் அடையாளம் காண்பது எளிது. களிமண் உருவத்தின் மேல் பிளாஸ்டர் எடுத்து, அதிலிருந்து பிளாஸ்டரும் குவார்ட்ஸ் மணலும் கலந்த சூளை அச்சு செய்கிறார்கள். அதற்குள் கற்கண்டு போல உடைத்த ஒரே நிறக் கண்ணாடிக் கட்டிகளை நிரப்பி, 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றுகிறார்கள். கட்டிகள் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் இறங்கும். அதன்பிறகுதான் நீண்ட வேலை: ஆறவைப்பது. சிறியதற்கு நாள்கணக்கு, பெரியதற்கு வாரங்கள், மிகப் பெரியதற்கு மாதங்கள். அவசரப்பட்டால் உள்ளே இழுவிசை தங்கிவிடும். அப்போது உடையாவிட்டாலும் பின்னால் சாணை பிடிக்கும்போது உடையும். கடைசியில் அச்சை உடைத்து எடுத்து, முகங்களைத் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

இப்படிப் பிறந்த சிற்பத்தை ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரே கண்ணாடிதான், ஆனால் மூக்கின் ஓரத்தில் வெளிர்பச்சை, கன்னத்தில் அடர்பச்சை, நடுவில் ஏறக்குறைய கருப்பு. தடிமன்தான் நிறம். உள்ளே சின்னஞ்சிறு உருண்டைக் குமிழிகள். சில இடங்களில் அவை மெல்லிய திரையாக நிற்கும். இரண்டு கட்டிகள் ஒட்டிய எல்லை அது. மெருகேற்றாத பகுதியில் அச்சின் மணல் சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்கு இருவரும் செய்த ‘விலங்குருவக் கற்கள்’ என்ற வார்ப்புக் கண்ணாடிகளில் மிருகங்கள் புடைத்து நிற்பதில்லை. பின்னாலிருந்து உட்குழிவாக இறங்கியிருக்கும். முன்னாலிருந்து பார்க்கும்போது கண்ணாடிக்குள் மிதக்கும்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். காதுக்குப் பின்னால் மேலிருந்து கீழாக நேர்க்கோடு ஒன்று ஓடுகிறது. கீழ்ப்பகுதியில் குளிர்ந்த இரும்பு தொட்ட மாதிரி நுண்ணிய அலைச்சுருக்கம். இரண்டும் இரும்பு அச்சில் அழுத்திய கண்ணாடியின் அடையாளம். மெருகேற்றினால் கோடு மறையும் என்பதால், கோடு இல்லாதது எதையும் நிரூபிக்காது. இருப்பது நிறையச் சொல்லும். என் கணிப்பு, இது அழுத்தக் கண்ணாடி.

கையொப்பத்தை 10 மடங்கு லென்ஸில், பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மேசையில் பட்டுப்பட்டு ஏற்பட்ட பழைய கீறல்கள் எல்லாத் திசையிலும், தரையைத் தொடும் இடத்தில் மட்டும் இருக்கும். எழுத்தின் கோடு அந்தக் கீறல்களை வெட்டிக்கொண்டு போனால், எழுத்து பிந்தியது. கோடு புள்ளிபுள்ளியாக இருந்தால் மின் அதிர்வுப் பேனா. வைர முனையின் கோடு தொடர்ந்து ஓடும், ஓரத்தில் நுண்சில்லுகள் பெயர்ந்திருக்கும்.

பிசினா கண்ணாடியா, ஈயப் படிகமா என்ற ஐயத்துக்கு வீட்டிலேயே வழி உண்டு. சிற்பத்தை உலர எடை போடுங்கள். பிறகு ஒரு வாளியில் அறைவெப்பத் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, கணக்கைப் பூஜ்யமாக்குங்கள். சிற்பத்தை உறுதியான நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி இறக்குங்கள். தராசு காட்டும் கிராம்தான் அதன் பருமன், கன செ.மீ.யில். எடையை அதால் வகுங்கள். 2600 கிராம் பொருளுக்குத் தராசு 1040 காட்டினால் 2.5, சாதாரணக் கண்ணாடி. 2.9 அல்லது மேலே என்றால் ஈயப் படிகம். 1.2 அருகே வந்தால் அக்ரிலிக், சந்தைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். இந்தச் சோதனை செக் எது, இத்தாலியின் முரானோ தீவுக் கண்ணாடி எது என்று சொல்லாது, இரண்டும் 2.5 பக்கமே நிற்கும். விரிசலோ ஒட்டுத்தாளோ உள்ள பொருளை முக்க வேண்டாம்.

வினிகர்? தண்ணீர் விட்டுப்போன உப்புப் படிவென்றால் போகும், கண்ணாடியே அரித்திருந்தால் போகாது. விலை? ஏலக்காரரைக் கேளுங்கள்.

எங்கே தொடங்குவது என்பதற்கு நீங்கள் கையில் வைத்திருப்பதே பதிலாக இருக்கலாம். அழுத்தக் கண்ணாடியைக் கேவலமாக நினைக்காதீர்கள். அடோல்ஃப் மாத்துரா, ருடால்ஃப் யூர்னிக்ல் போன்றவர்கள் அதற்கென்றே வடிவமைத்தார்கள். பிராண்டிஷெக் விஸ்னர் 1960களில் அழுத்தக் கண்ணாடிக்கு வரைந்தார், 1967 முதல் 77 வரை ஸ்குர்ட்லோவிட்சே ஆலையில் உலைக்கண்ணாடி (உலையில் உருகிய நிலையிலேயே உருக்கொடுப்பது) செய்தார், பிறகு தனியாகக் கட்டிகளை வெட்டித் தேய்த்தார். ஒரே பெயர், மூன்று வேறு பொருள், மூன்று வேறு விலை. பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர் ஏமாறும் இடம் இதுதான். ‘ஸ்க்லோ யூனியன், 1958’ என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள், அந்தக் கூட்டு நிறுவனம் வந்தது 1965இல். முரானோ என்று சந்தையில் கிடக்கும் இழுத்து வளைத்த கனத்த கிண்ணங்களில் பல, ஹ்ரிப்ஸ்கா ஆலைக்கு யோசெப் ஹோஸ்போட்கா வரைந்தவை. அங்கே குமிழிகள் உருண்டையாக இருக்காது, இழுத்த திசையில் நீண்டிருக்கும். மீன், பறவை வாங்கினால் வால்நுனியையும் அலகையும் விரலால் தடவுங்கள். உலைச்சூட்டில் முடிந்த நுனி உருண்டு வழுவழுவென்றிருக்கும். உடைந்ததைத் தேய்த்துச் சரிசெய்த நுனி தட்டையாக, ஓரம் கூர்மையாக இருக்கும்.

லிபென்ஸ்கி–பிரிக்தோவா உங்கள் பணத்துக்கு எட்டும் நாள் வந்தால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: வடிவம் எந்த ஆண்டு, வார்ப்பு எந்த ஆண்டு? ஒரே அச்சு மாதிரியிலிருந்து பல படிகள், பல ஆண்டு இடைவெளியில் வந்திருக்கின்றன. 1950களின் வடிவம் என்பதாலேயே கையில் இருப்பது அந்தக் காலத்து வார்ப்பு ஆகிவிடாது.

அடிப்பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து, எடையும் வாளிக் கணக்கும் சேர்த்து எழுதுங்கள். காதுக்குப் பின்னால் உள்ள அந்தக் கோட்டையும் நெருங்கி ஒரு படம்.