600 டாலருக்குள் முதல் ரைஃபிள்: எதை வாங்கலாம்?

டெக்சஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “போன வருடம்தான் கிரீன் கார்டு வந்தது. 13 வயது மகனோடு ரேஞ்சுக்குப் போய் குறிபார்த்துச் சுடப் பழக ஆசை. எல்லாம் சேர்த்து 600 டாலருக்கு மேல் முடியாது. கடையில் 500 டாலருக்கு ஏ.ஆர்-15 காட்டுகிறார்கள். செமி-ஆட்டோமேட்டிக்கில் விலை குறைவாக எது நல்லது? கோடையில் மாமனார் கோவையிலிருந்து வருகிறார். அவரையும் கூட்டிப்போகலாமா?”

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். .22 எல்.ஆர். என்ற சின்னத் தோட்டா போடும் ரூகர் 10/22 வாங்குங்கள். சாதாரண மாடல் 300 டாலரை ஒட்டிக் கிடைக்கும். மீதி 300 டாலர் தோட்டாவுக்கும், காதுக்கும் கண்ணுக்கும், பூட்டுக்கும் வேண்டும். பல வருடங்களாக ரேஞ்சில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கையில் இருந்த பணத்தையெல்லாம் துப்பாக்கியிலேயே போட்டுவிட்டு, பிறகு தோட்டா வாங்கக் கணக்குப் பார்த்து, நாலே மாதத்தில் அதை அலமாரிக்குள் வைத்துவிட்டவர்கள் நிறையப் பேர்.

ஏ.ஆர்-15 மோசமான துப்பாக்கி என்று சொல்லமாட்டேன். 500 டாலர் விலையில் நம்பகமானவையே வருகின்றன. சிக்கல் தோட்டாவில் இருக்கிறது. அதற்கான 5.56 தோட்டா ஒன்று 40, 50 சென்ட் ஆகும். .22 தோட்டா 6 முதல் 9 சென்ட்தான். நீங்களும் மகனும் ஒரு சனிக்கிழமை போனால் 200 தோட்டா சாதாரணமாகத் தீர்ந்துவிடும். .22 என்றால் ஏறக்குறைய 16 டாலர், 5.56 என்றால் 90 டாலர். மாதம் இரண்டு தடவை போனால் ஒரு வருடத்தில் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். சத்தம் வேறு இருக்கிறது. கூரைக்குக் கீழே பக்கத்துத் தடத்தில் யாராவது 5.56 சுட்டால் நெஞ்சுக்கூடு அதிரும். முதல் நாளே அந்த அதிர்ச்சியைக் கொடுத்தால் பையன் ஒவ்வொரு தடவையும் டிரிகரை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்வான். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் போக்குவது பெரும்பாடு.

இப்போது 10/22. 1964-இல் வந்த மாடல். இன்றும் அடிப்படை அதேதான். டிரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும். வெற்றுக்கூடு பின்னால் தள்ளும் வேகத்திலேயே, பேரல் என்ற குழலின் பின்வாயை அடைத்திருக்கும் போல்ட் பின்வாங்கி, கூட்டை வெளியே எறிந்துவிட்டு, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு மூடும். செமி-ஆட்டோமேட்டிக் என்றால் இவ்வளவுதான். பத்துத் தோட்டா பிடிக்கும் சின்ன மேகசின், உள்ளே சுழலும் அமைப்பு, அடிப்பக்கம் துருத்தாமல், தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். எடை சுமார் 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ. 13 வயதுக் கைக்குத் தாங்கும். பையன் சிறுகூடாக இருந்தால் கட்டையும் பேரலும் குட்டையாக இருக்கும் காம்பாக்ட் மாடலைக் கடையில் தோளில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். பேரல் இரண்டே திருகில் நிற்கிறது, கழற்றி மாட்டுவதை வீட்டு மேசையிலேயே பழகிக்கொள்ளலாம்.

இன்னும் மலிவாக வேண்டுமென்றால் சாவேஜ் 64, ராசி ஆர்.எஸ்.22 இரண்டும் உண்டு. 200 டாலருக்குள்ளேயே முடிந்துவிடும், சுடவும் சுடும். ஆனால் கூடுதல் மேகசினும் உதிரியும் தேடி அலைய வேண்டும். பழையது வாங்கலாம் என்றால் மார்லின் மாடல் 60 நிறைய கண்ணில் படும். குறி தவறாத துப்பாக்கி. 2020-இல் மார்லின் ரூகர் கைக்குப் போனது, இன்று சந்தையில் இருப்பவை பெரும்பாலும் ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்தவை. அதில் தோட்டாக்கள் பேரலுக்குக் கீழே ஒரு நீளக் குழாயில் இருக்கும். குழாயை உருவிக் கொட்டிய பிறகும் உள்ளே ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கலாம். பையனோடு பழகும் வீட்டில் இதை நான் விரும்பமாட்டேன். மேகசினைக் கழற்றிக் கையில் எடுத்துக் காட்ட முடிகிற துப்பாக்கியே நல்லது.

10/22-இலும் ஒரு விஷயத்தை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். கடைசித் தோட்டா போனதும் போல்ட் திறந்து நிற்காது, மூடிக்கொண்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நிறைந்த துப்பாக்கிக்கும் காலித் துப்பாக்கிக்கும் வித்தியாசமே தெரியாது. போன வருடம் ஒரு மாணவர் பத்தும் முடிந்தது என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியை மேசையில் வைத்தார். மேகசினைக் கழற்றிவிட்டுப் போல்ட்டை இழுக்கச் சொன்னேன். பித்தளை நிறத்தில் ஒரு முழுத் தோட்டா துள்ளி வெளியே விழுந்து மேசையில் உருண்டது. ஒன்பதுதான் சுட்டிருக்கிறார், எண்ணிக்கை தப்பிவிட்டது. அவர் முகம் வெளுத்ததை இன்னும் மறக்கவில்லை. எண்ணிக்கையை நம்பாதீர்கள். மேகசினைக் கழற்று, போல்ட்டை இழுத்துப் பிடி, உள்ளே கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டுத் தொட்டுப் பார். மகனும் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யட்டும்.

.22 செமி-ஆட்டோக்களுக்குத் தோட்டாவில் கொஞ்சம் பிகு உண்டு. மிக மலிவாக மொத்தமாக வரும் பெட்டிகளில் சில போல்ட்டை முழுசாகப் பின்னால் தள்ளும் அளவுக்கு வேகம் இல்லாதவை. கூடு பாதியில் சிக்கி நிற்கும். முதல் வாரம் சி.சி.ஐ. கம்பெனியின் மினி-மேக் தோட்டா ஒரு பெட்டியில் தொடங்குங்கள். துப்பாக்கி தங்குதடையின்றி ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, மலிவான இரண்டு மூன்று வகையில் ஐம்பது ஐம்பதாக வாங்கிச் சுட்டு, உங்கள் துப்பாக்கிக்கு எது ஒத்துப்போகிறதோ அதை மொத்தமாக வாங்குங்கள். ‘டிக்’ என்று மட்டும் கேட்டு வெடிக்கவில்லை என்றால், முனையை இலக்கின் பக்கமே வைத்து முப்பது விநாடி பொறுத்து, அப்புறம் போல்ட்டைத் திறங்கள். இந்த வகைத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்பில் இருப்பதால் இப்படி நேர்வது மற்றவற்றைவிட அதிகம். சின்னத் தோட்டா என்று அசட்டையாகவும் இருக்காதீர்கள், ஒரு மைலுக்கு மேல் போகும்.

பணக்கணக்கு இப்படி வரும்: துப்பாக்கி வரியோடு 325, ஆயிரம் தோட்டா 80, இரண்டு பேருக்கும் காதுக்கவசமும் கண்ணாடியும் 60, பூட்டு வைத்த சின்ன எஃகு அலமாரி 100, சுத்தம் செய்யும் சாமான் 20. 585 ஆயிற்று. தொலைநோக்கியெல்லாம் இப்போது வேண்டாம், துப்பாக்கியோடு வரும் இரும்புக் குறியே முதல் வருடத்துக்குப் போதும். வாங்கும் முன் ரேஞ்சில் ஒருநாள் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு காசு சேர்ந்தால் ‘ஆப்பிள்சீட்’ என்ற பயிற்சிக்கு இருவரும் போய்வாருங்கள். பல மாநிலங்களில் வார இறுதியில் நடக்கிறது. 10/22-ஐப் போன்ற .22 ரைஃபிளோடு வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். உட்கார்ந்தும் படுத்தும் தோள்வாரை இறுக்கிச் சுடும் முறையை அங்கே கற்றுக்கொள்வதுபோல் வேறெங்கும் இவ்வளவு சல்லிசாகக் கற்க முடியாது.

இனி காகித வேலை. நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். கடையில் 4473 என்ற படிவம் நிரப்பச் சொல்வார்கள். கிரீன் கார்டு இருப்பவர் வாங்கலாம், தடையில்லை. ஆனால் குடியுரிமை கேட்கும் இடத்தில் இந்தியா என்றுதான் குறிக்க வேண்டும். கார்டில் உள்ள ஏ-எண்ணையும் எழுத வேண்டும். அவசரத்தில் அமெரிக்கக் குடிமகன் என்று டிக் அடித்துவிட்டால், பிற்பாடு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அது பெரிய தலைவலியாகும். பெயர் ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே இருக்கட்டும். அப்பா பெயர் நமக்கு இன்ஷியலாக மட்டும் நிற்குமே, உரிமத்திலும் வெறும் எழுத்தாக இருந்தால் அதன் பக்கத்தில் ‘ஐ.ஓ.’ (இன்ஷியல் மட்டும்) என்று எழுத வேண்டும். நடுப்பெயர் இல்லாவிட்டால் ‘என்.எம்.என்.’ (நடுப்பெயர் இல்லை) என்று எழுத வேண்டும், இது படிவத்தின் குறிப்பிலேயே இருக்கிறது. உரிமத்தில் ஒரு பெயரும் கார்டில் வேறு மாதிரியும் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வீட்டு முகவரியும் உரிமத்தில் புதிதாக இருக்க வேண்டும்.

எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர் யாராவது “எனக்கும் ஒன்று உங்கள் பெயரில் வாங்கிக் கொடுங்கள்” என்றால் கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிடுங்கள். இன்னொருவருக்காகத் தன் பெயரில் வாங்குவது மத்தியக் குற்றம். 2022-இல் வந்த சட்டத்தின்படி 15 வருடம் வரை சிறை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டே போய், நாடு கடத்தவும் செய்யலாம்.

டெக்சஸில் ரைஃபிள் வாங்கத் தனி உரிமம் வேண்டாம். வேலை மாறி வேறு மாநிலம் போனால் கதை வேறு. நியூயார்க்கில் 2022 முதல் செமி-ஆட்டோ ரைஃபிள் வாங்க உரிமம் வேண்டும். கலிஃபோர்னியா, நியூஜெர்சியில் பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசின் கூடாது. அதனால்தான் 25 தோட்டா மேகசினில் காசைப் போடாதீர்கள் என்கிறேன். துப்பாக்கியோடு வரும் பத்தே போதும்.

வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், சாவி உங்களிடம். தோட்டா நிரப்பிய துப்பாக்கியை 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி வைத்து, அது பிள்ளை கைக்குப் போனால் டெக்சஸ் சட்டப்படியே குற்றம். ரேஞ்சிலிருந்து வந்ததும் செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு, கையை முதலில் பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிய பிறகுதான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். ஈயத்தூள் கண்ணுக்குத் தெரியாது, குழந்தைகளுக்கு அது விஷம். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும் பையாக ஒருநாளும் மாற்றாதீர்கள். மடிப்பில் கிடந்த ஒரே ஒரு தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக உங்கள் மாமனார். சுற்றுலா விசாவில் வருகிறவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. ரேஞ்சில் ஐந்து நிமிடம் என்றாலும் அது பொருந்தும். இது தெரியாமல் பெற்றோர் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுகிறார்கள், பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதைக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருந்தால் விலக்கு உண்டு. டெக்சஸில் வெளியூர்க்காரருக்கும் அந்த உரிமம் தருகிறார்கள். அவருக்கு உண்மையிலேயே சுட ஆசை இருந்தால் அதை முதலில் எடுத்துவிட்டு, ரேஞ்சுக்குப் போன் போட்டு அவர்கள் விதியையும் கேட்டுக்கொண்டு போங்கள். இல்லையென்றால் திறந்தவெளி ரேஞ்சாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள். காதுக்கவசம் ஒன்று கூடுதலாக வாங்கி, சுடும் கோட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பைனாகுலரைக் கையில் கொடுத்துவிட்டால் பேரன் எத்தனை வளையத்தில் அடித்தான் என்று அவரே மார்க் போட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார்.