டார்கெட் ஷூட்டிங்குக்குப் பெரிய காலிபர் ரைபிள் வாங்கி, தோட்டாவையும் நானே நிரப்ப ஆசை. .338 லாபுவா எடுக்கலாமா, .50 பிஎம்ஜி எடுக்கலாமா?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவு: டெக்சஸில் இருக்கிறீர்கள், வேட்டையில் ஆர்வமில்லை, இலக்கைச் சுடுவது மட்டும்தான். வீட்டுக்குப் பக்கத்து ரேஞ்சில் 300 கெஜம்; கொஞ்ச தூரம் வண்டி ஓட்டினால் 600 கெஜம் கிடைக்கும். ரீலோடிங், அதாவது சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை நாமே மறுபடி நிரப்புவது, செய்தால் செலவு குறையும் என்று நம்புகிறீர்கள்.

என் பதில்: இரண்டும் வேண்டாம். பணத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. உங்களுக்குக் கிடைக்கிற தூரத்தில் அந்த இரண்டுக்கும் வேலையே இல்லை.

.338 லாபுவா மேக்னம் (எண் குண்டின் விட்டம், அங்குலத்தில்) 1980-களில் ராணுவ ஸ்னைப்பர்களுக்காக உருவானது. அமெரிக்காவில் தொடங்கிய வேலையைப் பின்லாந்தின் லாபுவா நிறுவனம் முடித்துக் கொடுத்தது. 250, 300 கிரெயின் (சின்ன எடை அளவு) எடையுள்ள குண்டை ஒலி வேகத்துக்குக் கீழே இறங்காமல் 1,500 கெஜம் வரை கொண்டுபோகத்தான் அவ்வளவு பெரிய கூடு. 300 கெஜத்துக் காகிதத்தில் சாதாரண .308 ரைபிள் போடுகிற ஓட்டைக்கும் இது போடுகிற ஓட்டைக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. .308 ஏறக்குறைய 900, 1,000 கெஜம் வரை ஒலி வேகத்துக்கு மேலேயே போகும். உங்கள் 600 கெஜத்துக்கு அது தாராளம்.

.50 பிஎம்ஜி கதை இன்னும் வேறு. ஜான் பிரௌனிங் முதல் உலகப்போர் முடியும் சமயத்தில் இயந்திரத் துப்பாக்கிக்காக அமைத்த தோட்டா அது. வாகனத்தையும் விமானத்தையும் அடிப்பதற்கானது. தோளில் வைத்துச் சுடுகிற ரைபிளாக அது பரவலானது 1980-களில்தான். அதை வைத்தே 1,000 கெஜப் போட்டி நடத்தும் ஃபிஃப்டி காலிபர் ஷூட்டர்ஸ் அசோசியேஷன் 1985-இல் தொடங்கியது. நியூ மெக்சிகோ ராட்டனில் உள்ள விட்டிங்டன் சென்டரில் அவர்கள் போட்டிகளைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் ரைபிளே முப்பது பவுண்டு கனம். பல ரேஞ்சுகளில் உள்ளேயே விடமாட்டார்கள். கலிபோர்னியாவில் 2005 முதல் புதிதாக வாங்கவே முடியாது. நாளைக்கு வேலை மாறி அங்கே போனால் தலைவலி. ரீலோடிங் மேசைக்கு வந்தால், கூட்டை அழுத்தி வடிவாக்கும் சாதாரண பிரஸ்ஸில் இதன் டை, அதாவது அதில் திருகும் அச்சு, நுழையாது. மற்ற டைகளின் மரை முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், இதற்குப் பெரும்பாலும் ஒன்றரை அங்குலம். பவுடரைப் பற்றவைக்கும் பிரைமரும் தனி ரகம்.

பவுடர் கணக்கைப் பாருங்கள். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின். அதில் .308 என்றால் 150 தோட்டா வரை நிரப்பலாம். .338 லாபுவாவுக்கு 75 சொச்சம். .50-க்கு முப்பது தேறினால் அதிகம்.

துப்பாக்கிக்குப் போகும் முன் ஒரு விஷயம், ஏனென்றால் நம் ஆட்கள் பலர் இதைக் கேட்காமலே கடைக்குப் போகிறார்கள். நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் பிரச்சினை இல்லை. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே குற்றம். விதிவிலக்குகளில் நமக்குப் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். வேட்டையில் ஆர்வமே இல்லாத நீங்கள் வேட்டை உரிமம் எடுக்க வேண்டி வரலாம், சட்டம் அப்படி. 'நண்பனோட துப்பாக்கி, ரேஞ்சில் ரெண்டு ரவுண்டுதானே' என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. தோட்டா என்ற சொல் அந்தச் சட்டத்தில் இருப்பதால், வீட்டில் நிரப்பி வைத்ததும் அதில் சேரும். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

சரி, செலவு. ரீலோடிங்கில் ஒரு தோட்டாவின் விலை குறையும், உண்மைதான். .338 லாபுவாவில் தரமான தொழிற்சாலைத் தோட்டா ஒன்றுக்கு ஐந்து டாலருக்கு மேல் போகிறது. நிரப்பினால் பாதியில் முடியும். ஆனால் மிச்சமானதை யாரும் வங்கியில் போட்டு நான் பார்த்ததில்லை, அதையும் சுட்டுத்தான் தீர்க்கிறார்கள். பேரலின் ஆயுளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். .308 பேரல் ஐயாயிரம் சுடு வரை துல்லியம் தரும். பெரிய மேக்னம்களில் இரண்டாயிரத்தை ஒட்டிப் பேரலின் தொண்டை, அதாவது குண்டு நுழையும் தொடக்க இடம், அரித்துவிடும். புதுப் பேரல் போடும் செலவு தோட்டாவில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

ரீலோடிங்கில் உண்மையான லாபம் வேறு. உங்கள் ரைபிளில் தோட்டா உட்காரும் அறைக்கு ஏற்றபடி கூட்டைச் சீராக்கி, ஒவ்வொரு தோட்டாவின் வேகமும் ஒன்றையொன்று ஒட்டி வருகிற மாதிரி செய்யலாம். அந்தப் பொறுமை பிடித்துப் போனால் அதுவே தனிப் பொழுதுபோக்கு. பிடிக்காவிட்டால் பிரஸ் கராஜில் தூசி படிந்து கிடக்கும்.

'பெரிசு வேணும்' என்பதில் உறுதியாக இருந்தால் பலரும் .300 வின்செஸ்டர் மேக்னமைக் காட்டுவார்கள். 1963-இல் வந்தது, 1,000 கெஜத்துக்கு நல்ல தோட்டா. ஆனால் முதன்முதலாக நிரப்பக் கற்றுக்கொள்கிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கூட்டின் அடியில் ஒரு பட்டை இருக்கும். தோட்டா அறைக்குள் அந்தப் பட்டையில்தான் நின்றுகொள்ளும். அதனால் கூடு குறுகத் தொடங்கும் தோள்பகுதி எவ்வளவு தளர்வாக இருந்தாலும் சுட்டுவிடும், ஒவ்வொரு முறையும் பித்தளை முன்னால் இழுபட்டுப் பட்டைக்கு மேலே சன்னமாகும். ஒருநாள் அந்த இடத்தில் கூடு இரண்டாகப் பிய்யும். டையை முழுக்க இறக்கிவிடாமல், சுட்ட கூட்டின் தோளை அளந்து அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கோ கொஞ்சம் கூடவோ மட்டும் பின்தள்ளினால் இது வராது. அனுபவசாலிகள் காகிதக் கிளிப்பை நீட்டி, நுனியை வளைத்துக் கூட்டுக்குள் விட்டுச் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூடு குப்பைக்கு. பழகினால் கஷ்டமில்லை, ஆனால் முதல் பாடமாக இது வேண்டாம்.

இப்போது என் சொந்தச் சாய்வுக்கு வருகிறேன். பெரிய காலிபர், இலக்குச் சுடுதல், கையால் நிரப்புதல் மூன்றும் சேர்ந்த ஆசை என்றால் .45-70 கவர்ன்மென்ட்டைப் பாருங்கள். 1873-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா: .45 காலிபர், 70 கிரெயின் கருமருந்து. இன்றும் விற்கிறது. குண்டின் விட்டம் .338-ஐவிடப் பெரிது, எடை 400, 500 கிரெயின். வேகம் மட்டும் மெதுவு. அந்த மெதுவில்தான் சுவாரசியம் இருக்கிறது. 500 மீட்டரில் சுட்டால் துப்பாக்கி உதைத்து, தோள் நிமிர்ந்து, புகை விலகின பிறகுதான் இரும்பில் 'டங்' என்று கேட்கும்.

இந்த வகைத் துப்பாக்கிகளுக்கென்றே தேசிய அளவில் போட்டி உண்டு. இரும்பில் வெட்டிய கோழி 200 மீட்டரில், பன்றி 300-இல், வான்கோழி 385-இல், செம்மறிக் கிடா 500-இல். ஸ்கோப் இல்லாத பிரிவில், பின்பக்கம் ஏணி மாதிரி நிற்கும் வெர்னியர் சைட்டைத் திருகித் திருகித் தூரத்துக்கு ஏற்ப வைப்பார்கள். கோழியை நின்றுகொண்டு சுட வேண்டும். மற்றவற்றுக்குக் குறுக்குக் கழியில் பேரலைச் சாய்த்துக்கொள்ளலாம். கிடா ஐம்பது பவுண்டு இரும்பு. பட்டால் போதாது, விழ வேண்டும். கனமான குண்டுக்கு அங்கேதான் உண்மையிலேயே வேலை இருக்கிறது.

இந்தப் பழைய ரக ரைபிள்களால் நெடுந்தூர இலக்கைச் சுடுவதும் பழைய கதைதான். 1874 செப்டம்பரில் நியூயார்க் லாங் ஐலண்டின் கிரீட்மூர் மைதானத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1,000 கெஜத்தில் மோதின. அயர்லாந்துக்காரர்களிடம் குழல்முனை வழியே நிரப்பும் ரிக்பி துப்பாக்கிகள். அமெரிக்கர்களிடம் பின்வழி நிரப்பும் ஷார்ப்ஸ், ரெமிங்டன். 934-க்கு 931 என்று அமெரிக்கா ஜெயித்தது. அயர்லாந்து வீரர் ஒருவர் அச்சாக நடுவில் அடித்தார், ஆனால் பக்கத்து இலக்கில். அதற்குப் பூஜ்யம். மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அணிக்கு அது எப்படி இருந்திருக்கும்! ரேஞ்சில் பக்கத்துக்காரர் காகிதத்தில் சுட்டுவிட்டு முழிக்கும் எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொல்வேன்.

கையால் நிரப்பும் வேலை இதில் ஏராளம். குண்டையே நீங்கள் வார்க்கலாம்: இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம், இரும்பு அச்சு, மெழுகு கலந்த மசகு. வார்ப்பதைக் காற்றோட்டமான வெளியில் மட்டும் செய்யுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தின்னாதீர்கள், ஆண்டுக்கொருமுறை ரத்தத்தில் ஈயம் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை இருக்கும் வீடு என்றால் வார்க்கவே வேண்டாம், வார்த்த குண்டு கடையில் கிடைக்கிறது. கருமருந்தை நீளக் குழாய் வழியாக மெல்ல இறக்கி, லேசாக அழுத்தி, குண்டின் அடி அதன்மேல் உட்காரும்படி வைக்க வேண்டும். இடையில் வெற்றிடம் கூடாது. சுடும்போது ஒவ்வொரு சுடுக்கும் நடுவே குழாய் வைத்து பேரலுக்குள் மூச்சை ஊதினால், அந்த ஈரத்தில் கரி இளகும். மாலையில் வெந்நீர் போட்டுப் பேரலையும் கூட்டையும் கழுவியே ஆக வேண்டும். சோம்பேறிக்கு இந்தத் துப்பாக்கி சரிவராது, துரு பிடித்துவிடும்.

புகையற்ற பவுடர் போட்டும் .45-70 நிரப்பலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கவனிக்க வேண்டிய இடமும் அதுதான். இந்தத் தோட்டாவுக்கு ரீலோடிங் கையேடுகள் அளவுகளை மூன்று தனி அட்டவணையாகப் பிரித்திருக்கும்: பழைய டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஒன்று, மார்லின் போன்ற லீவர் ரைபிள்களுக்கு ஒன்று, ரூகர் நம்பர் ஒன் போன்ற வலுவானவற்றுக்கு ஒன்று. மூன்றாவது அட்டவணை அளவை முதல் வகைத் துப்பாக்கியில் போட்டால் துப்பாக்கியே வெடிக்கும். இன்னொன்று, கூடு பெரிது என்பதால் வேகமாக எரியும் பவுடர் கொஞ்சமாகப் போட்டால் அடியில் கிடக்கும். தெரியாமல் இரண்டாவது தடவை போட்டாலும் வழியாது. அதனால் எல்லாக் கூடுகளையும் பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து உள்ளே பார்க்காமல் ஒரு குண்டைக்கூட வைக்கக்கூடாது. மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா. போன் வேறு அறையில். அளவை யூடியூபில் யாரோ சொன்னார் என்று எடுக்காதீர்கள். அச்சிட்ட கையேட்டில் உள்ள ஆரம்ப அளவிலிருந்து ஏறுங்கள், உச்ச அளவைத் தாண்டாதீர்கள். இந்தப் பதிலில் நான் ஒரு அளவும் எழுதாததற்கும் அதுவே காரணம்.

எதை வாங்குவது? மொன்டானா பிக் டிம்பரில் செய்கிற ஷைலோ ஷார்ப்ஸ் அழகுதான், ஆனால் விலையும் காத்திருப்பும் பயமுறுத்தும். இத்தாலியின் பெடர்சோலி இரண்டாயிரம் டாலரை ஒட்டிக் கிடைக்கும். பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்க மட்டும் என்றால் ஹென்றியின் ஒற்றைச் சுடு ரைபிள் ஆயிரம் டாலருக்குள் முடிகிறது. தோளில் பதியும் கட்டையின் முனை பிறைபோல் வளைந்திருக்கும் மாடலைத் தவிர்த்துத் தட்டையாக இருப்பதை எடுங்கள், 500 கிரெயின் குண்டு உதைக்கும்போது தோள் உங்களை வாழ்த்தும்.

புகை, ஈயம், வெந்நீர் இதெல்லாம் வேண்டாம், துல்லியம்தான் வேண்டும் என்றால் கனமான பேரல் போட்ட .308 போல்ட் ரைபிள், கூடவே நல்ல ஸ்கோப். 600 கெஜத்தில் காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளவே பல மாதம் போகும். 1,000 கெஜ மைதானம் கைக்கு எட்டும்போது .338-ஐப் பற்றி மறுபடி கேளுங்கள், அப்போது வேறு பதில் சொல்வேன்.

.308-க்கும் .45-70-க்கும் பொதுவாகப் பெரிய ரைபிள் பிரைமர்தான், ஒரே பெட்டி இரண்டுக்கும் ஆகும். .308-க்கு மட்டும் சின்னப் பிரைமர் போடும் பால்மா ரகக் கூடும் விற்கிறார்கள், அட்டையைப் படித்து வாங்குங்கள். 2020-க்குப் பிறகு பிரைமர் கடைகளில் கிடைக்காமல் எல்லோரும் திண்டாடினோம், அதனால் ரைபிளுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பிரைமர் கிடைக்கிறதா என்று பாருங்கள்.