குன்னூர்க் குளிரில் கிராபிக்ஸ் கார்டு மெமரியைக் கூடுதலாக ஓவர்கிளாக் செய்யலாமா?

கேட்டவர் குன்னூர்க்காரர், கையில் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். கோயம்புத்தூர் நண்பர் அதே கார்டில் மெமரியை ஓவர்கிளாக் செய்து, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் +800 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி ஓட்டுகிறாராம். "நம்ம ஊர்க் குளிருக்கு நான் +1200 வைத்திருக்கிறேன், இதுவரை கிராஷ் ஆகவில்லை, இன்னும் ஏற்றலாமா?" என்று கேட்கிறார்.

நான் கோத்தகிரியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறவன். குளிரை நம்பி ஸ்லைடரை இழுக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். குளிர் உதவத்தான் செய்கிறது, ஆனால் அது பெரும்பாலும் கார்டின் மூளையான சிப்புக்குப் போய்விடுகிறது. சூடு குறைந்தால் என்விடியா சிப் தன் வேகத்தைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளும். மெமரி அப்படியில்லை, வைத்த வேகத்தில் நிற்கும். உங்கள் கார்டில் ஒவ்வொரு டேட்டா பின்னிலும் விநாடிக்கு 1,400 கோடி பிட் ஓடுகிறது. அந்த வேகத்தில் சிக்னல் கலங்காமல் போய்ச் சேருகிறதா என்பதுதான் பிரச்சினை, அறை 18 டிகிரியா 32 டிகிரியா என்பது அதற்கு அடுத்தபடிதான்.

"கிராஷ் ஆகவில்லை" என்கிறீர்களே, எனக்கு இடிக்கிறது அதுதான். ஜிடிடிஆர்5 என்ற முந்தைய தலைமுறை மெமரி காலத்திலிருந்தே இந்த மெமரிகளில் பிழையைக் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. போகிற டேட்டாவோடு ஒரு சரிபார்ப்புக் கணக்கும் போகும். கணக்கு உதைத்தால் அதே டேட்டாவைத் திரும்ப அனுப்பச் சொல்லும். திரையில் எந்தக் கோளாறும் தெரியாது, கேம் பாட்டுக்கு ஓடும். ஆனால் திரும்ப அனுப்ப நேரம் ஆகிறதே! ஓவர்கிளாக் செய்யும் ஆஃப்டர்பர்னர் புரோகிராமில் 8,200 மெகாஹெர்ட்ஸ் (7,000உடன் உங்கள் 1,200) என்று எண் ஜோராக நிற்கும், கிடைக்கும் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு) மட்டும் 7,600இல் வந்ததைவிடக் குறைந்திருக்கலாம். வெள்ளைப் புள்ளியும் கட்டம்கட்டமாகக் கிழிசலும் வருவது அதற்கும் பிறகு.

அதனால் கிராஷை விட்டுவிட்டு ஸ்கோரைப் பாருங்கள். கார்டின் வேகத்தை அளக்கும் டெஸ்ட் புரோகிராம்களில் யூனிஜின் சூப்பர்பொசிஷனோ டைம் ஸ்பையோ, ஏதாவது ஒன்று போதும். கார்டு நன்றாகச் சூடேறிய பிறகு +0இல் ஓட்டி ஸ்கோரை எழுதி வையுங்கள். அப்புறம் நூறு நூறாக ஏற்றி ஒவ்வொரு முறையும் அதே டெஸ்ட். கூடிக்கொண்டே வரும் ஸ்கோர் ஓரிடத்தில் நிற்கும், பிறகு இறங்கும். நிற்கிற இடத்திலிருந்து நூறோ நூற்றைம்பதோ பின்னால் வந்துவிடுங்கள். அந்த வேகத்தில் பிழை தேடும் ஓசிசிடி புரோகிராமின் விராம் (கார்டு மெமரி) டெஸ்டை ஓட்டுங்கள். மறுநாள் காலை, அறை சில்லென்று இருக்கும்போது, போட்டவுடனே இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். இதெல்லாம் தேறும் வரை "விண்டோஸ் தொடங்கும்போதே அமல்படுத்து" என்ற டிக்கைப் போடாதீர்கள்.

நண்பரின் +800ஐ மறந்துவிடுங்கள். ஒரே மாடலிலேயே சில கார்டுகளில் சாம்சங் மெமரி, சிலவற்றில் மைக்ரான் மெமரி வரும். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் புரோகிராமைத் திறந்தால் உங்களுடையது எது என்று தெரியும்.

மலைக்காற்றைப் பற்றியும் ஒன்று. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்று குளிர்ச்சிதான், ஆனால் சமவெளியைவிட ஆறில் ஒரு பங்கு லேசு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகிற சூடு குறைவு. மொத்தத்தில் லாபம் நமக்குத்தான், ஆனால் தெர்மாமீட்டரைப் பார்த்து நினைக்கிற அளவுக்கு இல்லை. இன்னொன்று, உங்கள் கார்டு சிப்பின் சூட்டை மட்டும்தான் காட்டும், மெமரியின் சூட்டைத் தனியாகக் காட்டாது. சிப் 58 டிகிரி என்றால் மெமரியும் அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும்? உங்கள் கார்டின் கதையே இதற்கு நல்ல உதாரணம். 2019 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 1660க்கும் அதே ஆண்டு அக்டோபரில் வந்த சூப்பருக்கும் சிப் ஒன்றுதான், கோர் எண்ணிக்கையும் அதே 1,408தான். மெமரி மட்டும் ஜிடிடிஆர்5இலிருந்து ஜிடிடிஆர்6 ஆனது. விநாடிக்கு 192 ஜிபியாக இருந்த பாதை 336 ஜிபியாக, அதாவது 75 சதவீதம் அகலமானது. அதற்கே பெரும்பாலான கேம்களில் கிடைத்தது 10-15 சதவீதத்தைச் சுற்றித்தான். நீங்கள் +500 வைத்தால் 360 ஜிபி வரும், 7 சதவீதம் கூடுதல். கேமில் அது ஒன்றிரண்டு எஃப்பிஎஸ். 1080பியில் பிராசசர் திணறுகிற கேமாக இருந்தால் அதுவும் இல்லை. வீட்டிலேயே சின்ன ஏஐ மாடல் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இது கொஞ்சம் நன்றாகவே தெரியும், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் மாடல் மொத்தத்தையும் மெமரியிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது.

டெஸ்ட் ஓடும்போது ரூம் ஹீட்டரை அதே லைனில் போடாதீர்கள். பழைய வீட்டு வயரிங்கில் வோல்டேஜ் தொப்பென்று இறங்கி மெஷின் அணைந்தால், பழி மெமரி மேல் விழும். பில்லையும் பத்திரமாக வையுங்கள். கார்டுக்கு ஏதாவது ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு கீழே கோயம்புத்தூர்தான் போக வேண்டும், அதற்கு முன் வாரன்டி விதியில் ஓவர்கிளாக் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.