உழைக்கிறவன் கேட்கும் கேள்வி

கேள்வி: பனியன் கம்பெனியில் தினமும் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறேன். என்னிடம் வரி வாங்கி, வீட்டில் சும்மா இருப்பவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள். இது என்ன நியாயம்? (வாசகர், திருப்பூர்)

பதில்: பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் உழைத்தவனுக்குப் பணம் வரும், பணம் இல்லாதவன் உழைக்காதவன் என்ற நம்பிக்கை உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. அது உங்களுக்கு மட்டும் உள்ளதல்ல. உலக அளவில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் ஏழைகளைச் சோம்பேறிகள் என்று சொன்ன அமெரிக்கர்கள் 60 சதவீதம், ஐரோப்பியர்கள் 26 சதவீதம்தான். இருப்பவரிடம் வாங்கி இல்லாதவருக்குக் கொடுப்பதில் அமெரிக்க அரசு ஐரோப்பாவைவிடக் கை இறுக்கமாக இருப்பதற்கு இந்த நினைப்பும் ஒரு காரணம்.

இந்த நினைப்பு எப்படி வருகிறது? அர்ஜென்டினாவில் 1981-ல், புவெனஸ் ஐரிஸ் புறநகரான சொலானோவில் ஏழைக் குடும்பங்கள் காலி நிலத்தில் குடிசை போட்டன. அந்த நிலத்தை எடுத்து அவர்களுக்கே கொடுக்க 1984-ல் சட்டம் வந்தது, ஆனால் நிலச் சொந்தக்காரர்களில் சிலர் இழப்பீட்டை வாங்கிக்கொண்டார்கள், சிலர் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள், அதனால் ஒரு வீட்டுக்குப் பட்டா வந்தது, பக்கத்திலேயே இன்னொரு வீட்டுக்கு வரவில்லை. இதில் யாருடைய உழைப்பும் இல்லை, முழுக்க அதிர்ஷ்டம். பல வருடம் கழித்து ஆய்வாளர்கள் போய்க் கேட்டபோது, தனி மனிதன் யார் துணையும் இல்லாமல் முன்னேற முடியும் என்று பட்டா கிடைத்தவர்கள்தான் அதிகம் சொன்னார்கள்! கையில் ஒன்று கிடைத்துவிட்டால் அது நம் சாமர்த்தியம் என்று மனசு எழுதிக்கொள்கிறது. கிடைக்காதவன் உழைக்கவில்லை என்று அடுத்த வரியையும் அதுவே எழுதிவிடுகிறது.

சரி, அந்த ஆயிரம் ரூபாய்க்கு வருவோம். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, வேலைக்குப் போகிறவருக்குச் சோறு கட்டிக் கொடுக்கிற பெண் சும்மா இருப்பதாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சோப்பு வாங்கினாலும் அவரும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். உங்கள் கோபம் போக வேண்டிய இடம் வேறு. கூடுதல் நேர வேலைக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கிற நேரத்துக்கு உங்களுக்கு அது வருகிறதா? வரவில்லை என்றால், அந்த ஆயிரத்தைவிடப் பெரிய தொகை உங்கள் பையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது, அதுவும் மாதா மாதம்.

கேள்வி: சும்மா பணம் கொடுத்தால் யார் வேலைக்குப் போவார்கள்? (வாசகி, கரூர்)

பதில்: போகிறார்கள். மெக்சிகோ, இந்தோனேசியா உட்பட ஆறு நாடுகளில் ஏழைகளுக்குப் பணம் கொடுத்த ஏழு திட்டங்களைப் பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் அலசினார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மாதம் ஆயிரம் ரூபாயில் கேஸ் சிலிண்டரும் கொஞ்சம் மளிகையும் வாங்கலாம். அதை நம்பி எந்தக் குடும்பமும் வேலையை விடாது.