பழைய குடும்பப் படங்களை எந்தத் தளத்தில் வைப்பது? போட்டதை அப்படியே திருப்பித் தரும் தளத்தில்

கேட்கப்பட்ட கேள்வி: “அம்மா வீட்டில் பழைய படங்கள் நிறைய இருக்கின்றன. வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர்களும் பார்க்கிற மாதிரி ஆன்லைனில் போட்டுவைக்க எது நல்லது? கூகுள் போட்டோஸா, பிளிக்கரா, பேஸ்புக்கே போதுமா?”

அவசரம் உள்ளவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கட்ட வசதியில்லை, குடும்பத்துக்குள் மட்டும் பார்க்க வேண்டும் என்றால் கூகுள் போட்டோஸ் போதும். ஏற்றும்போது ஒரிஜினல் தரம் என்பதைத் தெரிவு செய்யுங்கள். அதே படங்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு வேறொருவர் வீட்டிலும் வையுங்கள். பேஸ்புக் நாலு பேருக்குக் காட்ட நல்லது, பத்திரப்படுத்த உதவாது. “கூகுளுக்கு விளம்பரம் செய்கிறாயா” என்று யாரும் கீழே வர வேண்டாம். நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவன், எனக்கு யாரும் காசு தரவில்லை. ஒரு படத்தைப் பறிகொடுத்துத் திரும்பப் பெற்றவன் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் டின் கூட இல்லை, சுவரில் ஒரே ஒரு சட்டம் போட்ட படம்தான். 1964இல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகப் பேசி முடித்தார்களே, அதில் எங்கள் அத்தை குடும்பம் 1973இல் போனது. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் நீலகிரிப் பக்கம் கூடலூரில் போய் மறுபடியும் தேயிலையிலேயே வேலைக்கு நின்றார்கள். அந்த நாள் கோச்சியை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். போவதற்கு முந்திய வாரம் இரண்டு குடும்பமும் டவுனுக்குப் போய் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டது. ஒன்பது பேர். இரண்டு பிரதி போட்டு ஒன்றை அத்தை எடுத்துப் போனார், ஒன்று எங்கள் காம்பராவில், அதாவது லயத்து அறையில், மாட்டியிருந்தது.

2009இல் அந்தப் படத்தை ஒரு கொமியூனிகேஷன் கடையில் ஸ்கேன் பண்ணினேன். கடைக்காரர் சிடியில் போட்டுத் தந்தார். கூடலூர் மச்சானும் பார்க்கட்டும் என்று அப்போது இலவசமாக இருந்த ஒரு தளத்தில் ஏற்றினேன். பெயர் வேண்டாம், அந்த நாளில் பல தளங்கள் அப்படித்தான் இருந்தன. ஏற்றியதும் திரையில் படம் பளிச்சென்று தெரிந்தது, எனக்கும் பெரிய நிம்மதி. அங்கே நல்லபடியாக இருக்கிறதே என்று சிடியை அலுமாரியின் மேல்தட்டில் போட்டதோடு சரி.

2012இல் எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், தீப்பிடித்தது. பன்னிரண்டு காம்பராவும் ஒரே கூரை, ஒன்றில் பிடித்தால் எல்லாம் போகும். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டம் போட்ட படம், சிடி, அம்மாவின் கலியாணச் சேலை, என் சான்றிதழ்கள் எல்லாம் போயின. அப்போதும் ‘படம் நெட்டில் இருக்கிறது’ என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன்.

2018இல் அப்பா இறந்தார். மாலை போட்டு வைக்க ஒரு பெரிய படம் வேண்டும். அப்பாவின் இளமைக்கால முகம் அந்த ஒரே படத்தில்தான் உண்டு. தளத்தைத் திறந்து இறக்கினேன். அகலம் 640 பிக்சல். நான் ஏற்றியதை அவர்கள் சுருக்கி வைத்துக்கொண்டு மூலத்தைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். நல்ல அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும், 640ஐ வைத்துக்கொண்டு இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் போடலாம். அதில் ஒன்பது பேர். அப்பாவின் முகத்தை மட்டும் பெரிதாக்கினால் கண் இருக்கிற இடத்தில் இரண்டு சாம்பல் சதுரம். ஸ்டூடியோத் தம்பி என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, “சேர், வேற படம் இல்லையா?” என்றார்.

இரவு பத்து மணிக்குக் கூடலூருக்குக் கோல் எடுத்தேன். மச்சான் உடனே சுவரில் இருந்த படத்தை போனில் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். கண்ணாடியில் டியூப் லைட் வெளிச்சம் விழுந்து அத்தை முகம் மறைந்திருந்தது. அதோடு வட்ஸ்அப்பும் சாதாரணமாக அனுப்பும் படத்தைச் சுருக்கும். “மச்சான், சட்டத்தைக் கழட்டி, காலையில் கடையில் 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணுங்க. படமா அனுப்பாதீங்க, டொக்கியுமெண்டா அனுப்புங்க” என்றேன். டிபிஐ என்பது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. டொக்கியுமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே வரும், சுருங்காது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் இரண்டு கோப்பு வந்தது. “பின்னாலயும் எழுத்து இருந்துச்சு, அதையும் போட்டிருக்கேன்” என்றார். பின்பக்கத்தில் பென்சிலால் அப்பாவின் கையெழுத்தில் ஒன்பது பேரின் பெயரும் வரிசையாக இருந்தன. அப்பா மடியில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று, ஒரு கையில் வளையல், மற்றக் கையால் அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்திருக்கும். அது அத்தையின் மகள் என்றுதான் நான் நாற்பது வருடம் நினைத்திருந்தேன். பின்னால் இருந்த பெயர் எங்கள் மூத்த அக்காவுடையது. நான் பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போனவர். அவருக்கென்று தனிப் படமே கிடையாது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். தீ எரித்த எங்கள் பிரதியை நான் ஒருநாளும் சட்டத்திலிருந்து கழற்றிப் பார்க்கவில்லை. அம்மாவிடம் போனைக் காட்டினேன், பிள்ளையின் கையை மட்டும் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதனால் தளங்களை ஒப்பிடும்போது எத்தனை ஜிபி தருகிறார்கள் என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். போட்டதை அதே அளவில் திருப்பித் தருமா, படத்தோடு பெயர் எழுதி வைக்க முடியுமா என்பதுதான் முதல்.

கூகுள் போட்டோஸ் 2015இல் வந்தபோது சற்றுச் சுருக்கிய தரத்தில் எவ்வளவும் போடலாம் என்றார்கள். 2021 ஜூன் 1இலிருந்து அது நின்றுவிட்டது. இப்போது ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். சுருக்கும் தெரிவிலும் 16 மெகாபிக்சல் வரை விடுவார்கள், தபாலட்டை அளவுப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணினால் 9 மெகாபிக்சலைத் தாண்டாது. ஆனாலும் ஒரிஜினலிலேயே போடுங்கள். இரண்டு வருடம் கணக்கைத் திறக்காமல் விட்டால் அழிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, ஆகவே வயதானவர்களின் பெயரில் கணக்குத் திறந்து கடவுச்சொல்லை மறந்துவிடாதீர்கள். ஆல்பத்தின் இணைப்பை அனுப்பினால் இணைப்பு கிடைத்த யாரும் பார்க்கலாம் என்பதையும் கவனியுங்கள். அடையாள அட்டைப் பிரதிகளை அதில் சேர்க்க வேண்டாம்.

பிளிக்கர் 2004இலிருந்து இருக்கிறது. 2013இல் ஒரு டெராபைட் இலவசம் என்றார்கள், 2018இல் ஸ்மக்மக் வாங்கிய பிறகு இலவசக் கணக்குக்கு 1000 படம் என்று குறைத்தார்கள். படத்தை மதிக்கிற தளம் அதுதான் என்று இன்றும் சொல்வேன். தலைப்பு, விளக்கம், குறிச்சொல், உரிமம் எல்லாம் ஒழுங்காகப் போடலாம். ஆனால் இலவசக் கணக்கில் பொதுவில் காட்டாத படங்கள் 50க்கு மேல் வைக்க முடியாது, குடும்பப் படத்துக்கு அது எப்படிப் போதும்? ஸ்மக்மக்கில் இலவசமே இல்லை. டொலரில் கட்டுங்கள் என்று இங்கே சிலர் சுலபமாக எழுதுகிறார்கள். 2022இல் சில வாரத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனதை அனுபவித்தவர்களிடம் அதைச் சொல்ல வேண்டாம். கட்டணம் நின்றால் படமும் நிற்கும். போட்டோபக்கெட் 2017இல் வேறு தளங்களில் படம் காட்டுவதற்கு வருடம் 399.99 டொலர் கேட்டதும், உலகம் முழுக்கப் பலருடைய பக்கங்களில் படம் இருந்த இடத்தில் அறிவிப்புப் பலகை வந்தது. பிக்காசா 2016இல் மூடப்பட்டது. இவற்றில் எதுவும் நிரந்தரம் என்று நம்பி மூலத்தை எறியக்கூடாது.

விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா கொமன்ஸ் நல்ல இடம், ஆனால் அங்கே போட்டால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். நீங்களே எடுத்த, தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துப் படம், மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது தெரியும் பழைய கோயில் படம் என்றால் அங்கே கொடுங்கள். அம்மாவின் முகத்தை வேண்டாம்.

முகம் என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் சித்தி கொழுந்து எடுக்கும் படத்தைப் படம் விற்கும் ஒரு தளத்தில் பார்த்தேன். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியில் அவர் குத்தும் இரண்டு ஊசியை வைத்தே கண்டுபிடித்தேன். ‘தேயிலை பறிக்கும் பெண், இலங்கை’, அவ்வளவுதான் பெயர். நாட்சம்பளம் 1000 ரூபாய்க்கு வருடக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்த காலம் அது, 2021இல்தான் கிடைத்தது. அந்தப் படத்தின் விலை அதைவிடப் பல மடங்கு. வானிலிருந்து இறங்கி வந்தது மாதிரி ஒருவர் வந்து பிடித்துக்கொண்டு போயிருக்கிறார், பெயரைக் கேட்கவில்லை. சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரும் அப்படி என்று நான் சொல்லவில்லை, கேட்டு எடுத்து அச்சுப் போட்டு அனுப்பியவர்களும் உண்டு. ஆனால் இணையத்தில் ‘சிலோன் டீ’ என்று தேடிப் பாருங்கள், எத்தனை ஆயிரம் எங்கள் பெண்கள், எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெயரைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்: வருடம், இடம், இடமிருந்து வலமாக ஆட்கள். தளம் மாறினாலும் அது பெரும்பாலும் கூடவே வரும். பேஸ்புக் மாற்றிவிடும், அதற்குத்தான் மூலம் வேண்டும் என்கிறேன். பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் பண்ணுங்கள். மலைநாட்டு ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் பண்ணலாம். ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை பக்கம் என்றால் கீழே எழுதுங்கள், என்னிடம் ஒரு ஸ்கேனர் இருக்கிறது. சனிக்கிழமைகளில் தூக்கிக்கொண்டு வருவேன், காசு வேண்டாம். அம்மா வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், பெயர்களைச் சொல்ல அவர் வேண்டும்.